நெல்லையிலிருந்து துபாய்: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு, எந்த விமான நிலையம்? முதல்முறை போகிறவர்களுக்கு

துபாய்க்கு எத்தனை மணி நேரம் என்று யாரிடம் கேட்டாலும் "நாலு மணி நேரம்தான்" என்பார்கள். அது விமானம் காற்றில் இருக்கிற நேரம். பாளையங்கோட்டையில் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து துபாயின் தேராப் பகுதியில் அறைக் கதவைத் திறக்கிற வரை எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. தப்பான விமான நிலையத்தைத் தேர்ந்தெடுத்தால் இருபதைத் தொடும். விமானத்தை விட்டவர்களில் பெரும்பாலோர் அந்த நாலு மணி நேரத்தில் கோட்டை விட்டவர்கள் அல்ல. அதற்கு முன்னால் இருக்கிற எட்டு மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்காதவர்கள். அந்த எட்டு மணி நேரத்தையும், அதற்கு முன்பே சரி செய்துவைக்க வேண்டிய தாள்களையும் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறோம்.

1. முதலில் வான்வழித் தூரம்

நெல்லைக்காரர்கள் துபாய் போகப் பயன்படுத்துகிற விமான நிலையங்களிலிருந்து நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய இப்படி:

திருவனந்தபுரம் – துபாய்: 2,950 கி.மீ.
மதுரை – துபாய்: 2,950 கி.மீ.
திருச்சி – துபாய்: 2,940 கி.மீ.
சென்னை – துபாய்: 2,935 கி.மீ.
கொச்சி – துபாய்: 2,780 கி.மீ.

இதை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். சென்னையும் மதுரையும் திருவனந்தபுரமும் துபாயிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரத்தில்தான் இருக்கின்றன. சென்னை கிழக்கே தள்ளி இருந்தாலும் வடக்கே இருப்பதால் கணக்கு சமமாகிவிடுகிறது. ஆகவே "சென்னையிலிருந்து போனால் சீக்கிரம் போகலாம்" என்பதும் "திருவனந்தபுரம் கடலோரம், அங்கிருந்து பக்கம்" என்பதும் வானத்தைப் பொறுத்தவரை செல்லாது. கொச்சி மட்டும் 170 கி.மீ. குறைவு. விமான வேகத்தில் அது பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான்.

பயணிகள் விமானம் மேலே ஏறி நிலைபெற்ற பிறகு மணிக்கு 800 முதல் 900 கி.மீ. வேகத்தில் போகும். 2,950 கி.மீ.க்கு மூன்றரை மணி நேரம். ஓடுபாதைக்கு நகர்வது, ஏறுவது, இறங்குவது, துபாய் வானில் முறைக்குக் காத்திருந்து சுற்றுவது எல்லாம் சேர்ந்து, டிக்கெட்டில் 4 மணி முதல் 4½ மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். திரும்பி வரும்போது பெரும்பாலும் 20, 30 நிமிடம் குறையும். குளிர்காலத்தில் மேல்வானத்துக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுவதால் போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசும். அந்த மாதங்களில் இந்த வித்தியாசம் சுருங்கும்.

2. எந்த விமான நிலையம்?

வானத்தில் தூரம் ஒன்றுதான் என்றால் முடிவு தரையில்தான்.

திருவனந்தபுரம். திருநெல்வேலியிலிருந்து சாலை வழி சுமார் 150 கி.மீ. நம் மாவட்டத்தின் தெற்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு, அதாவது நாங்குநேரி, ஏர்வாடி, வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் ஆட்களுக்கு, யோசிக்காமல் இதுதான். துபாய், ஷார்ஜா, அபுதாபி மூன்றுக்கும் இங்கிருந்து விமானங்கள் உண்டு. ஒன்று ரத்தானாலும் அடுத்ததைப் பிடிக்க வழி இருக்கும்.

ஆனால் 150 கி.மீ. தானே, மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். காவல்கிணறு வரை நான்குவழிச் சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். நாகர்கோவில் தாண்டியதும் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று கடைத்தெருவுக்குள்ளேயேதான் ஊர்ந்து போக வேண்டும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் 70 கி.மீ.யும் கிடையாது, ஆனால் மாலை ஐந்திலிருந்து எட்டு வரை இரண்டரை மணி நேரம் பிடிக்கும். மொத்தம் பகலில் நாலு மணி நேரம், நள்ளிரவில் மூன்றேகால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு மாற்று வழி உண்டு. களியக்காவிளையிலிருந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று பழைய சாலையிலேயே போகாமல், காரோடு என்ற ஊருக்குப் போய்ப் புறவழிச்சாலையைப் பிடித்துவிட்டால் கோவளம், திருவல்லம் வழியாக ஊருக்குள் நுழையாமலே சாக்கைக்கு வந்துவிடலாம். திருவல்லத்தில் சுங்கக் கட்டணம் உண்டு. மிச்சமாகிற நேரத்துக்கு அது தகும். காரோடு வழியைத் தெரிந்த டிரைவரா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

சாக்கை என்று சொல்லக் காரணம் இருக்கிறது. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு இரண்டு முனையங்கள். வெளிநாட்டு விமானங்களுக்கு இரண்டாம் முனையம், சாக்கையில். உள்நாட்டு விமானங்களுக்கு முதல் முனையம், சங்குமுகத்தில். இரண்டும் ஓடுபாதையின் எதிரெதிர்ப் பக்கம். நடந்து கடக்க முடியாது, சாலையில் சுற்றித்தான் வர வேண்டும். டிரைவர் "ஏர்போர்ட்" என்று மட்டும் மேப்பில் போட்டுவிட்டு சங்குமுகத்தில் கொண்டு இறக்குவது அடிக்கடி நடக்கிறது. "சாக்கை, இன்டர்நேஷனல்" என்று இரண்டு வார்த்தையும் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இந்த ஊருக்கே உரியது. பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் கடற்கரைக்குப் போகும். பங்குனித் திருவிழாவிலும் ஐப்பசித் திருவிழாவிலும், ஆண்டுக்கு இரண்டு நாள், மாலையில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஓடுபாதை மூடப்படும். விமான நேரங்களை அதற்கேற்ப முன்னதாகவே மாற்றிவிடுவார்கள். மார்ச் – ஏப்ரல், அக்டோபர் – நவம்பரில் டிக்கெட் எடுத்தவர்கள் நேரமாற்றக் குறுஞ்செய்தி வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். அதுபோல, கேரளத்தில் ஹர்த்தால் அறிவித்திருக்கிறார்களா என்றும் முந்தின நாள் பார்த்துவிடுங்கள். வழக்கமாகக் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. விமான நிலையம் போகும் வண்டியை விடுவார்கள் என்றாலும் வழியில் நின்று நின்று போக வேண்டியிருக்கும். அப்படியானால் ஆறு மணிக்கு முன்பே எல்லையைத் தாண்டிவிடுங்கள்.

மதுரை. சுமார் 155 கி.மீ., முழுக்க நான்குவழி. கயத்தாறு தாண்டிச் சாலைப்புதூர், பிறகு எட்டூர்வட்டம், கப்பலூர் என்று மூன்று சுங்கச்சாவடி. கப்பலூரிலிருந்து சுற்றுச்சாலையில் ஏறி மண்டேலா நகர் வழியாகப் போனால் மதுரைக்குள் கால் வைக்காமலே விமான நிலையம். இரண்டரை மணி நேரம் போதும். சாலையை மட்டும் பார்த்தால் திருவனந்தபுரத்தைவிட இதுவே சுகம். கங்கைகொண்டான், கயத்தாறு, கோவில்பட்டி, சங்கரன்கோவில் ஆட்களுக்கு மிகவும் வசதி. குறை ஒன்றுதான்: வளைகுடா விமானங்கள் குறைவு. உங்கள் விமானம் ரத்தானால் அன்றைக்கே மாற்று கிடைப்பது கஷ்டம். வேலையில் சேர வேண்டிய தேதி நெருக்கமாக இருந்தால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

வாகைக்குளம். தூத்துக்குடி விமான நிலையம். நெல்லையிலிருந்து முக்கால் மணி நேரம். 2025 ஜூலையில் புது முனையமும் நீட்டிய ஓடுபாதையும் திறந்தாயிற்று. ஆனாலும் துபாய்க்கு நேர் விமானம் கிடையாது. சென்னை அல்லது பெங்களூரு போய் மாற வேண்டும். சென்னைக்கு வான்வழி 530 கி.மீ., சிறிய விமானமாக இருந்தால் ஒன்றரை மணி நேரம். பெரியவர்களுடன், குழந்தைகளுடன் போகிறவர்களுக்குச் சாலை அலுப்பு இல்லாத வழி இது. ஆனால் டிக்கெட் எப்படி எடுக்கிறீர்கள் என்பதில் பெரிய சிக்கல் இருக்கிறது. அதை ஆறாவது பகுதியில் பாருங்கள்.

சென்னைக்கு ரயில். நெல்லை எக்ஸ்பிரஸில் ஓர் இரவு, வந்தே பாரத்தில் எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் போனால் எதிரே விமான நிலையம். எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டாம். மொத்தப் பயணம் இருபது மணி நேரத்தை நெருங்கும். சென்னையில் சான்றிதழ் வேலையோ சொந்தக்காரர் வீடோ இருந்தால் சரி, இல்லையென்றால் இந்த வழி வேண்டாம்.

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் ஆட்களுக்குத் தனிக் கணக்கு. தென்காசியிலிருந்து ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரம் சுமார் 110 கி.மீ. நெல்லைக்கு வந்து நாகர்கோவில் வழியாகச் சுற்ற வேண்டாம். மலைப்பாதை என்பதால் மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மரம் விழுந்தால் வழி அடைபட்டுவிடும், இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். கொச்சிக்குப் பாலருவி எக்ஸ்பிரஸ் இரவில் ஏறினால் காலையில் ஆலுவா. மாலை விமானத்துக்கு அது சரியாக வரும், காலை விமானத்துக்கு உதவாது.

3. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைப் படிப்பது

டிக்கெட்டில் இருக்கும் நேரம் அந்தந்த ஊர் நேரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் 4.15க்குக் கிளம்பி துபாயில் 7.00க்கு இறங்கும் என்று போட்டிருந்தால் பயணம் 2¾ மணி நேரம் இல்லை. ஒன்றரையைக் கூட்டுங்கள்: 4¼ மணி நேரம். திரும்பும்போது இரவு 10.00க்குக் கிளம்பி மறுநாள் 3.25 என்று இருந்தால் 5 மணி 25 நிமிடத்தில் ஒன்றரையைக் கழியுங்கள்: 3 மணி 55 நிமிடம்.

இதைவிடப் பெரிய பள்ளம் நள்ளிரவுத் தேதி. வளைகுடா விமானங்களில் நிறைய நள்ளிரவுக்குப் பின் கிளம்புகின்றன. டிக்கெட்டில் "15ஆம் தேதி 00.40" என்று இருந்தால் நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்புவது 14ஆம் தேதி சாயங்காலம். 15ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விமானம் முந்தின இரவே போயிருக்கும், டிக்கெட் காசும் போயிருக்கும். டிக்கெட் கைக்கு வந்தவுடன் அதன் மேலேயே பேனாவால் "14, வெள்ளி, மாலை 4.30, வீட்டிலிருந்து" என்று எழுதிவையுங்கள். வீட்டில் எல்லாரிடமும் அந்த நாளைச் சொல்லுங்கள், விமானத் தேதியைச் சொல்ல வேண்டாம்.

4. பாஸ்போர்ட்: பெயர்தான் முதல் தடை

நம் மாவட்டங்களுக்கு மதுரை மண்டல அலுவலகம், சேவை மையம் திருநெல்வேலியிலேயே இருக்கிறது. இணையத்தில் விண்ணப்பித்து நாள் குறித்துக்கொண்டு போக வேண்டும். பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய், 60 பக்கம் 2,000 ரூபாய். தட்கல் என்றால் மேலும் 2,000. காவல்நிலைய விசாரணைக்கு வீட்டில் ஆள் இல்லாமல் போனால் அங்கேயே தேங்கிவிடும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

நமக்கு வருகிற சிக்கல் இனிஷியல். பாஸ்போர்ட்டின் தகவல் பக்கத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு வரி, இட்ட பெயருக்கு ஒரு வரி இருக்கும். "முருகன்" என்று ஒரு வரியில் மட்டும் எழுதி மற்ற வரியைக் காலியாக விட்டவர்கள் நம் பக்கம் ஏராளம். 2022 நவம்பரிலிருந்து, ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா, விசிட் விசாவில் வருபவர்களை, துபாய் உள்ளிட்ட ஐக்கிய அரபு அமீரகம் ஏற்பதில்லை. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாகப் பிறகு விளக்கம் தந்தார்கள். என்றாலும் கவுன்டரில் நின்று வாதாடுவதைவிட, புதிதாக எடுப்பவர்கள் அப்பா பெயரை முழுதாக விரித்துக் குடும்பப் பெயர் வரியில் போடுவதே நல்லது. பழைய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் டிக்கெட்டுக்கு முன்பே பெயரைத் திருத்தி மறுவெளியீடு வாங்கிவிடுங்கள்.

டிக்கெட், விசா, பாஸ்போர்ட் மூன்றிலும் பெயரின் எழுத்துகள் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஏஜென்ட் தன் வசதிக்கு இனிஷியலை முன்னால் தட்டிவிடுவார். டிக்கெட் வந்ததும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அன்றைக்கே சொன்னால் பெரும்பாலும் எளிதாகத் திருத்திவிடலாம். கிளம்பும் நாளில் கண்டுபிடித்தால் புது டிக்கெட்தான்.

பாஸ்போர்ட் காலாவதிக்கு, அங்கே போய் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

5. விசாவும் வேலைக்குப் போகிறவர்களின் கூடுதல் தாளும்

விசிட் விசா 30 நாள் அல்லது 60 நாளுக்குக் கிடைக்கும். கூடவே திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்துக்கான சான்று, கையிலோ அட்டையிலோ 3,000 திர்ஹம் (அமீரக நாணயம்) அளவுக்குப் பணம் இருக்கிறதா என்று நம் ஊர்க் கவுன்டரிலேயே கேட்கலாம். சொந்தக்காரர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவருடைய விலாசமும் அமீரக அடையாள அட்டையின் நகலும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். குடியேற்றச் சோதனை தேவை என்று அச்சாகியிருந்தால் அது ஈ.சி.ஆர். பாஸ்போர்ட். அமீரகம் உட்பட 18 நாடுகளுக்கு வேலை விசாவில் போக, இமைக்ரேட் என்ற அரசு இணையதளத்தின் வழியாகக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். அதற்கு ஒப்பந்தமும் பிரவாசி பாரதீய பீமா காப்பீடும் வேண்டும். காப்பீடு இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், தொகை பத்து லட்சம். பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு இந்த அனுமதி தேவையே இல்லை. ஆனால் விண்ணப்பத்தோடு மதிப்பெண் சான்றிதழைக் காட்டாவிட்டால் ஈ.சி.ஆர். என்றே அச்சடித்துவிடுவார்கள். சான்றிதழ் டிரங்குப் பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கும், ஆள் அனுமதிக்காக அலைந்துகொண்டிருப்பார். அதை எடுத்துக்கொண்டு போங்கள்.

பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. அதற்கு மேல் கேட்டாலும், ரசீது தர மறுத்தாலும், "இப்போ விசிட்ல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்றாலும் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள். விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே சட்டவிரோதம். பிடிபட்டால் முகவர் வர மாட்டார்.

6. டிக்கெட்

சாதாரண நாளில் ஒருவழி பத்தாயிரத்திலிருந்து பதினைந்தாயிரத்துக்குள் அமையும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரம், ஜனவரி முதல் வாரம் – விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் எல்லாம் திரும்பும் நேரம் – இரண்டு மூன்று மடங்கு ஏறும். தேதி உங்கள் கையில் இருந்தால் அந்த வாரங்களைத் தவிருங்கள்.

"துபாய் டிக்கெட்" என்று சொல்லி ஷார்ஜாவுக்கோ அபுதாபிக்கோ போட்டுத் தருவது வழக்கம். ஷார்ஜா பரவாயில்லை, துபாய்க்கு முப்பது கி.மீ. அளவுதான். ஆனால் காலை, மாலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அபுதாபி 120 கி.மீ.க்கு மேல். விலையில் மூவாயிரம் மிச்சம் என்று எடுத்து, அதை அங்கே டாக்சிக்குக் கொடுக்க வேண்டாம். அழைத்துப்போக ஆள் வருகிறார் என்றால் மட்டும் எடுங்கள்.

வாகைக்குளம் – சென்னை ஒரு டிக்கெட், சென்னை – துபாய் வேறு டிக்கெட் என்று தனித்தனியாக எடுக்காதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியையும் சென்னையில் வாங்கி மறுபடி போட வேண்டும். ஒரே பி.என்.ஆர். (முன்பதிவு) எண்ணில் இரண்டும் வருமாறு எடுங்கள். தனித்தனியாகத்தான் கிடைக்கிறது என்றால் நடுவில் ஐந்து மணி நேரமாவது விடுங்கள்.

சில நிறுவனங்கள் அமீரக விசாக்காரர்களுக்கு "ஓகே டு போர்டு" என்ற முன்ஒப்புதல் கேட்கும். டிக்கெட் எடுக்கும்போதே இது உண்டா, யார் போடுவது என்று கேட்டுவிடுங்கள்.

7. பெட்டி கட்டுவது

கைப்பெட்டி 7 கிலோ, உள்ளே போடும் பெட்டி டிக்கெட்டைப் பொறுத்து 20 முதல் 30 கிலோ. நூறு கிராம் கூடினாலும் கவுன்டரில் நிறுத்துவார்கள். தொங்குதராசு ஒன்று வாங்கி வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கசகசா. அமீரகத்தில் அது போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. தனியாகக் கொண்டுபோகாவிட்டாலும் அம்மா அரைத்துத் தரும் கறிமசாலாவிலும் குருமாப் பொடியிலும் கலந்திருக்கும். பொடி திரிக்கும்போதே "துபாய்க்கு, கசகசா போட வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். வெற்றிலை, பான் வகைகளும் கூடாது. வலி மாத்திரை, இருமல் மருந்து, நரம்பு, மனநல மருந்துகளில் பல அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை. டாக்டர் சீட்டு, கடை ரசீது, அட்டைப்பெட்டி மூன்றும் சேர்ந்தே இருக்கட்டும். சிலவற்றுக்கு அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் முன்அனுமதி வேண்டும்.

கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பற்றும் பொருள், உள்ளே போடும் பெட்டியில் வைக்க விடமாட்டார்கள். பவர்பேங்க் இதற்கு நேர்மாறு: கைப்பெட்டியில் மட்டும்தான். நம் ஊர் அல்வாவைக் கைப்பெட்டியில் வைத்தால் நெய் இளகிய பண்டம் என்று பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடலாம். உள்ளே போடும் பெட்டியில் வையுங்கள். கடைக்காரரின் தாள் டப்பாவோடு அப்படியே வைத்தால் நெய் கசிந்து சட்டையெல்லாம் கறையாகிவிடும். இறுக்கமான மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றி, இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, பெட்டியின் நடுவில் வைத்துச் சுற்றிலும் துணியால் அணைத்துவிடுங்கள். ஊறுகாய்க்கும் அதே பக்குவம்.

இந்திய ரூபாய் 25,000க்கு மேல் எடுத்துப் போகக் கூடாது. திர்ஹம் அங்கீகாரம் பெற்ற கடையில் மாற்றி ரசீது வாங்குங்கள். 2025இல் ஒரு திர்ஹம் சுமார் 24 ரூபாயாக இருந்தது.

8. கிளம்பும் நாள்: பின்னாலிருந்து எண்ணுங்கள்

சனிக்கிழமை அதிகாலை 4.15 விமானம், திருவனந்தபுரம் என்று வைத்துக்கொள்வோம். கவுன்டர் மூடுவது நிறுவனத்தைப் பொறுத்து 60 அல்லது 75 நிமிடம் முன்னால், அதாவது 3.00 மணி. கவுன்டர் வரிசை, குடியேற்றம், பாதுகாப்புச் சோதனைக்கு நிம்மதியாக மூன்று மணி நேரம் வேண்டும். ஆக 1.15க்கு வாசலில் நிற்க வேண்டும். இரவுப் பயணம் நாலு மணி நேரம் என்று தாராளமாகவே வைத்தால் 9.15. டயர் பஞ்சர், மார்த்தாண்டம் நெரிசல், சாயா குடிக்க நிற்பது எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் சேர்த்து, வெள்ளி இரவு 8 மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். சீக்கிரம் போய் உட்கார்ந்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

டாக்சிக்காரர்கள் போக வர இரண்டுக்கும் கணக்குப் போடுவார்கள். 300 கி.மீ.க்கு, கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று பேசினால் 4,200. அதன்மேல் டிரைவர் படி, நாங்குநேரி, திருவல்லம் சுங்கம், கேரளப் பெர்மிட். இந்தப் பெர்மிட்டில்தான் தகராறு வரும். வண்டிக்கு அகில இந்திய அனுமதி இருக்கிறதா, இல்லையென்றால் எல்லையில் வரி கட்டுவது யார் என்று முன்பணம் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள். வெள்ளை நம்பர் பலகை போட்ட சொந்த வண்டியை வாடகைக்கு எடுத்துப் போனால் களியக்காவிளையில் நிறுத்தி அபராதம் போடலாம். உங்கள் நேரமும் அதோடு போகும்.

பஸ் என்றால் வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து நாகர்கோவில் வடசேரி, அங்கிருந்து திருவனந்தபுரம் தம்பானூர், பிறகு ஆட்டோ. காசு மிச்சம், ஐந்தரை மணி நேரம் ஆகும். 30 கிலோ பெட்டியோடு இரண்டு முறை ஏறி இறங்க வேண்டும். தனியாள், பகல் பயணம், சின்னப் பெட்டி என்றால் மட்டும். ரயிலில் போகிறவர்கள், வண்டி இரண்டு மணி நேரம் தாமதமானாலும் விமானம் கிடைக்குமா என்று பார்த்து முன்பதிவு செய்யுங்கள்.

வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள் வருவது நம் வழக்கம். டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் இல்லாதவர்களை முனைய வாசலிலேயே மத்தியப் பாதுகாப்புப் படையினர் நிறுத்திவிடுவார்கள். வண்டியையும் அதிக நேரம் வாசலில் நிறுத்த விடமாட்டார்கள். பேச வேண்டியதை வீட்டில் பேசி முடித்துவிட்டு, ஒருவர் இருவர் மட்டும் வந்தால் பயணிக்கும் பதற்றம் இருக்காது. உள்ளே போனவர் குடியேற்றம் தாண்டிப் போன் செய்கிற வரை அவர்கள் கிளம்பாமல் இருக்கட்டும். தாளில் ஏதாவது குறை என்று திருப்பி அனுப்பினால் ஊர் திரும்ப வண்டி இருக்கும்.

9. துபாயில் இறங்கியதும்

எந்த முனையம் என்று டிக்கெட்டில் பார்த்து, அழைக்க வருபவருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். துபாய் விமான நிலையத்தில் மூன்று முனையங்கள். ஒன்றிலும் மூன்றிலும் மெட்ரோ உண்டு, இரண்டில் கிடையாது. குடியேற்றத்தில் முகமும் கண்ணும் படம் எடுப்பார்கள், பெட்டி எடுக்க வேண்டும். வெளியே வர ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். விமானம் 7.00க்கு இறங்கினால் நண்பரை 8.15க்கு வரச் சொன்னால் போதும், அவரும் நிறுத்துமிடத்துக்கு வீணாகக் காசு கட்ட வேண்டாம்.

மெட்ரோ இரவு முழுக்க ஓடாது. ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி, ஒரு சின்னப் பெட்டிக்கு மேல் ஏற்றவும் விடமாட்டார்கள். விமான நிலைய டாக்சியில் ஏறியவுடனே மீட்டர் 25 திர்ஹத்தில்தான் தொடங்கும். தேரா பக்கத்தில்தான், அதனால் மொத்தமும் கட்டுப்படியாகும். ஜெபல் அலி போன்ற தொலைவான இடம் என்றால் கம்பெனி வண்டி வருகிறதா என்று ஊரிலிருந்தே உறுதி செய்துகொண்டு, ஓட்டுநரின் எண்ணைத் தாளிலும் எழுதிவையுங்கள். இறங்கிய உடனே நம் ஊர் சிம் வேலை செய்யாமல் போகலாம். விமான நிலைய இலவச வைஃபையில் வாட்ஸ்அப் செய்தி போகும், குரல் அழைப்பு பெரும்பாலும் போகாது. "வந்தாச்சு" என்பதைச் செய்தியாகவே அனுப்பச் சொல்லி வீட்டில் முன்பே பேசிவையுங்கள். போன் வரவில்லையே என்று அவர்கள் விடிய விடிய முழித்திருக்க வேண்டாம்.

10. விசிட்டில் போனவர்கள் திரும்பும் கணக்கு

விசா நாள்களை எண்ணும்போது இறங்கிய நாளையும் சேர்த்தே எண்ணுங்கள். கடைசி நாளுக்குத் திரும்பும் டிக்கெட் போடாதீர்கள், இரண்டு மூன்று நாள் முன்னாலேயே இருக்கட்டும். விமானம் ரத்தாகி அடுத்த நாள் என்றாலும் அபராதம் வராது. நாள் தாண்டினால் தினமும் 50 திர்ஹம் என்ற கணக்கில் ஏறும்.

திரும்பும் விமானம் இரவு 10 மணிக்கு என்றால் திருவனந்தபுரத்தில் இறங்குவது மறுநாள் அதிகாலை மூன்றரை. குடியேற்றம், பெட்டி, சுங்கம் தாண்டி ஐந்து மணிக்கு வெளியே வரலாம். அப்போதே வண்டி எடுத்தால் காலை நெரிசலுக்கு முன் மார்த்தாண்டத்தைத் தாண்டி, எட்டரைக்கு நெல்லை. டிரைவரிடம் நாளைச் சொல்லும்போது இறங்கும் தேதியைச் சொல்லுங்கள், துபாயில் ஏறும் தேதியை அல்ல.